சி.எம்.பி. வழியாக எம்1 கேரண்ட் வாங்குவது எப்படி? முதல்முறை வாங்குபவருக்கான செய்முறை

இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் அமெரிக்கக் காலாட்படையின் கையில் இருந்த ரைஃபிள் எம்1 கேரண்ட். ராணுவம் கழித்துவிட்ட கேரண்டை அமெரிக்கக் குடிமக்கள் நேரடியாக வாங்கும் இடம் சி.எம்.பி. எனப்படும் சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம். 1903-இல் அரசுத் திட்டமாகத் தொடங்கிய இது, 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தால் லாப நோக்கற்ற தனி நிறுவனமானது. கடைகள் ஒஹாயோ, அலபாமா மாநிலங்களில் உள்ளன. தபாலிலும் இணையத்திலும் ஆர்டர் செய்யலாம்.

கேரண்டுக்குப் பின் வந்த ராணுவ ரைஃபிள்களான எம்14, எம்16 இங்கே கிடைக்குமா என்று பலர் கேட்பார்கள். கிடைக்காது. சட்டம் இவர்களுக்கு விற்க அனுமதித்தவை .30 ரைஃபிள்கள், .22 ரிம்ஃபயர் ரைஃபிள்கள், ஏர் கன்கள், பின்னாளில் சேர்ந்த 1911 பிஸ்டல்கள். 1911-க்கு நடைமுறையே வேறு: உரிமம் பெற்ற டீலர் வழியாக மட்டும் டெலிவரி. முதல்முறை வாங்குபவர் கேரண்டோடு தொடங்குவது நல்லது.

படி 1: தகுதி

அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். கிரீன் கார்டு வைத்திருப்பவர் சாதாரண டீலரிடம் துப்பாக்கி வாங்கலாம், சி.எம்.பி.யில் முடியாது. நம்மவர்கள் அடிக்கடி இடறும் இடம் இது. குடியுரிமை பெற்ற நண்பரிடம் பணம் கொடுத்து "உங்கள் பேரில் வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்பது கூட்டாட்சிக் குற்றம். மாட்டினால் இருவருக்கும் வம்பு.

வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். சில மாநிலச் சட்டங்கள் இதைவிட அதிகம் கேட்கும்.

படி 2: காகிதங்கள்

ஆர்டர் தாமதமாவதற்கு முக்கியக் காரணம் காகிதம்தான். வேண்டியவை மூன்று.

குடியுரிமைச் சான்று: அமெரிக்கப் பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் அல்லது இயல்புக் குடியுரிமைச் சான்றிதழ். ஓ.சி.ஐ. அட்டை இந்தியா கொடுப்பது, இங்கே செல்லாது.

சங்க உறுப்பினர் சான்று: சி.எம்.பி.யோடு இணைந்த ஏதாவது ஒரு சங்கத்தில் நடப்பு உறுப்பினராக இருக்க வேண்டும். பக்கத்தில் சுடுதளம் இல்லாதவர்கள் கேரண்ட் கலெக்டர்ஸ் அசோசியேஷனில் இணையத்திலேயே சேர்கிறார்கள். அட்டையில் காலாவதித் தேதி தெரியும்படி நகல் எடுங்கள். தேதி முடிந்த அட்டையை அனுப்பினால் ஆர்டர் அப்படியே நிற்கும்.

சுட்டுப் பழகியதற்கான சான்று: போட்டி முடிவுத் தாள், ராணுவ அல்லது காவல் பணிச் சான்று, துப்பாக்கி வைத்துச் செல்லும் உரிமம், நேரடிச் சுடுதல் அடங்கிய பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் ஆகியவற்றில் ஒன்று. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இது மட்டும் விலக்கு. மற்ற இரண்டும் அவர்களுக்கும் உண்டு.

எல்லாக் காகிதத்திலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். தமிழ்ப் பெயர்களில் இது பெரிய தலைவலி: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், சங்க அட்டையில் இனிஷியல் மட்டும் இருக்கும். சங்கத்தில் சேரும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பதிந்துவிடுங்கள். நோட்டரி முன்னால் கையெழுத்திட வேண்டிய இடம் படிவத்தில் இருந்தால் வீட்டிலேயே போட்டுக்கொண்டு போகாதீர்கள். நோட்டரி அதை ஏற்க மாட்டார்.

படி 3: எந்தத் தரம்?

ரேக், ஃபீல்ட், சர்வீஸ் என்று தேய்மானத்தை வைத்துத் தரம் பிரிக்கிறார்கள். எக்ஸ்பர்ட், ஸ்பெஷல் என்பவை புதுப் பேரல் (துப்பாக்கிக் குழல்) போட்டுச் சீரமைத்தவை. கலெக்டர் தரம் சேகரிப்பவர்களுக்கு. எல்லாத் தரமும் எப்போதும் கையிருப்பில் இருக்காது.

மரம் பளபளவென்று இருக்கிறதா என்று பார்த்து மயங்க வேண்டாம். மரத்தைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், பேரலை மாற்ற நல்ல பணம் ஆகும். கடைக்கு நேரில் போனால், அளவெடுத்த இரண்டு எண்களைப் பாருங்கள்: தொண்டைத் தேய்மானம், அதாவது தோட்டா பேரலுக்குள் நுழையும் இடம், முனைத் தேய்மானம், அதாவது வெளியேறும் இடம். எண் சிறிதாக இருந்தால் தேய்மானம் குறைவு. இரண்டில் முனை எண்ணுக்கே முதலிடம் கொடுங்கள், குறி சிதறுவது அங்கேதான். கேரண்டைப் பின்னாலிருந்து சுத்தம் செய்ய வழியில்லை. படைவீரர்கள் ஆண்டுக்கணக்கில் முனை வழியாகவே கம்பியை விட்டுத் தேய்த்தார்கள். சுட்டுத் தேய்ந்ததைவிடத் துடைத்துத் தேய்ந்த பேரல்கள் நிறைய.

ஸ்பிரிங்ஃபீல்ட், வின்செஸ்டர், ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் என நான்கு அமெரிக்கத் தயாரிப்பாளர்கள். வின்செஸ்டருக்குக் கேட்கும் கூடுதல் விலை பெயருக்குத்தான். சுடுவதற்கு மட்டும் என்றால் சர்வீஸ் தர ஸ்பிரிங்ஃபீல்ட் போதும்.

படி 4: ஆர்டரும் டெலிவரியும்

காகிதம் சரியென்றால் சி.எம்.பி.யே எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனையை நடத்தும். பதில் அனுமதி, தாமதம், மறுப்பு என்ற மூன்றில் ஒன்றாக வரும். தாமதம் என்றால் பயப்பட வேண்டியதில்லை, உங்கள் பெயரோடு ஒத்த இன்னொரு பெயர் பதிவில் இருந்தாலே அப்படி வரும். பல மாநிலங்களில் ரைஃபிள் நேராக வீட்டுக்கு வரும், வயது வந்தவர் ஒருவர் கையெழுத்திட்டு வாங்க வேண்டும். கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் டீலர் வழியாகத்தான். ஆர்டருக்கு முன்பே அந்த டீலரிடம் பேசி, அவருடைய உரிம நகலை வாங்கிவிடுங்கள்.

படி 5: பெட்டியைத் திறந்ததும்

பிளாஸ்டிக் கொடி சேம்பரில், அதாவது தோட்டா உட்காரும் அறையில், செருகியபடி வரும். சேம்பரை மூடும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டி, சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். போல்ட்டை இயக்கும் கம்பியான ஆப்பரேட்டிங் ராட் பின்னால் இருக்கும்போதே பேரலின் வலப்பக்கத்தில் தயாரிப்புத் தேதி தெரியும். பெரும்பாலானவை .30-06; .308-க்கு மாற்றியவையும் உண்டு. எது என்று உறுதியாகத் தெரியும்வரை தோட்டா வாங்க வேண்டாம்.

ட்ரிகர் கார்டை (விசையைச் சுற்றியுள்ள வளையத்தை) பிரித்து இழுத்தால் ரைஃபிள் மூன்று பாகமாகப் பிரியும்: ட்ரிகர் தொகுதி, பேரலும் ரிசீவரும் (போல்ட் ஓடும் உலோக உடல்), மரக்கட்டை. திரும்ப மாட்டும்போது கடைசிக் கட்டத்தில் கார்டு நன்றாக இறுக வேண்டும். தளர்வாக மூடினால் மரம் சுருங்கிவிட்டது என்று பொருள், குறி நிலைக்காது. பழைய கிரீஸை மினரல் ஸ்பிரிட் கொண்டு துடையுங்கள். மரத்தை அடுப்பிலோ வெயிலிலோ காய வைத்தால் விரிசல் விடும்.

புது கிரீஸ் போல்ட் முனைகளிலும், ராட் உராயும் இடங்களிலும், ரிசீவரின் பள்ளங்களிலும் மெல்லிய படலமாகப் போதும். சுடும்போது வரும் வாயு ராடைத் தள்ளும் இடமான கேஸ் சிலிண்டருக்குள் எண்ணெயே கூடாது. பேரலைச் சுத்தம் செய்யும்போது ரைஃபிளைத் தலைகீழாக வைத்து, முனைக்கு வழிகாட்டி வளையம் போட்டுக் கம்பியை விடுங்கள். அப்போது கரைப்பான், பேரலிலிருந்து கேஸ் சிலிண்டருக்குப் போகும் வாயுத் துளைக்குள் வடியாது.

ட்ரிகர் சோதனை, தோட்டா இல்லாமல்: ட்ரிகரை அழுத்திப் பிடித்தபடியே போல்ட்டை இழுத்து முன்னே விடுங்கள். பிறகு விரலை மெல்லத் தளர்த்தினால் சிறு "க்ளிக்" கேட்கும், சுத்தியல் விழக் கூடாது. விழுந்தால் சுடுதளத்துக்கே கொண்டுபோகாதீர்கள்.

படி 6: தோட்டா

புதியவர்கள் ரைஃபிளைக் கெடுப்பது இங்கேதான். கடையில் விற்கும் கனமான வேட்டைத் தோட்டாக்கள் மெதுவாக எரியும் வெடிமருந்தில் ஓடுபவை. வாயுத் துளைக்கு வரும்போதும் அழுத்தம் குறையாது, ராட் வளைந்துவிடும். கேரண்டுக்கென்றே செய்யப்பட்ட, 150 கிரெய்ன் (தோட்டா முனையின் எடை) அளவிலான தோட்டா வாங்குங்கள். பழைய ராணுவத் தோட்டா மலிவாகக் கிடைத்தால், அதன் பிரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் பாகம்) உப்புப் படியவிடும் வகையா என்று பாருங்கள். அப்படியென்றால் சுட்ட அன்றே பேரலையும் வாயுப் பகுதியையும் வெந்நீரால் கழுவி, காய்ந்த பின் பேரலுக்கு மட்டும் எண்ணெய் போடுங்கள். உப்பை எண்ணெய் கரைக்காது.

படி 7: முதல் சுடுதல்

கண்ணாடியும் காதுக் கவசமும் இல்லாமல் தொடங்காதீர்கள். எட்டுத் தோட்டாவைச் சேர்த்துப் பிடித்து ரைஃபிளுக்குள் போகும் உலோகக் கிளிப்பில் முதலில் இரண்டு தோட்டா மட்டும் போடுங்கள். ஒரு முறை அழுத்தியதற்கு இரண்டும் வெடித்தால் உடனே நிறுத்திவிடலாம், எட்டும் இருந்தால் அப்படி நிறுத்த முடியாமல் போகலாம். ஒற்றைத் தோட்டாவைச் சேம்பரில் போட்டுப் போல்ட்டைப் படாரென்று விடவே கூடாது. இதன் ஃபயரிங் பின்னுக்கு (பிரைமரைத் தட்டும் ஊசிக்கு) ஸ்பிரிங் கிடையாது, வேகத்தில் முன்னே ஓடி பிரைமரைத் தட்டும்.

கிளிப்பை அழுத்தும்போது உள்ளங்கையின் ஓரத்தால் ராட் கைப்பிடியைத் தடுத்துப் பிடியுங்கள். கிளிப் பூட்டியதும் பெருவிரலை முதலில் வெளியே எடுத்துவிட்டு, பிறகு கைப்பிடியை விடுங்கள். மறந்தால் நகம் கறுத்துவிடும். "கேரண்ட் கட்டைவிரல்" என்று அமெரிக்கர்கள் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

100 கஜத்தில் குறி வைக்க, பின்பக்கத்துக் குறி பார்க்கும் துளையை அடிவரை இறக்கி, அங்கிருந்து 8 முதல் 10 க்ளிக் ஏற்றித் தொடங்குங்கள். அந்தத் தூரத்தில் ஒரு க்ளிக் ஏறக்குறைய ஓர் அங்குலம். மூன்று மூன்றாகச் சுட்டு, நடுப்புள்ளியைப் பார்த்துத் திருத்துங்கள். எட்டாவது தோட்டாவுக்குப் பிறகு கிளிப் "டிங்" என்று தெறித்து வெளியே விழும். சுடுதளத் தரையில் கிடக்கும் கிளிப்புகளை மறக்காமல் பொறுக்கிக்கொள்ளுங்கள், அடுத்த முறையும் அவைதான் வேண்டும்.