ஒரு கான்செப்டை கணக்கா எழுதுறது எப்படி, பேப்பர்லயே போட்டு பாத்துடலாம்

கம்ப்யூட்டருக்கு ஒரு விஷயத்தை புரிய வைக்கணும்னா டெஃபனிஷன் எழுத உக்காராதீங்க, முதல்ல ஒரு டேபிள் போடுங்க. இதுக்கு ஃபார்மல் கான்செப்ட் அனாலிசிஸ்னு பேரு, ஜெர்மனி டார்ம்ஸ்டாட்ல ரூடால்ஃப் வில்லேன்னு ஒரு கணக்கு பேராசிரியர் 1982ல ஆரம்பிச்சு வச்சது.

இடது பக்கம் காகம், வவ்வால், நாய், திமிங்கிலம்னு எழுதுங்க. டேபிளோட மேல் வரிசைல "பறக்கும்", "முட்டை போடும்", "பால் குடுக்கும்", "தண்ணில வாழும்"னு எழுதுங்க. எதுக்கு எது பொருந்துதோ அங்க ஒரு பெருக்கல் குறி. காகத்துக்கு முதல் ரெண்டு, வவ்வாலுக்கு பறக்கும், பால், திமிங்கிலத்துக்கு பால், தண்ணி, நாய்க்கு பால் மட்டும்.

இப்பதான் முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமா பாருங்க. நாயை மட்டும் எடுங்க, அதுக்கு இருக்குற குணம் பால் ஒண்ணுதான், சரி பால் குடுக்குறது எல்லாம் யார் யார்னு திரும்பி வந்தா நாய் மட்டும் இல்ல வவ்வாலும் திமிங்கிலமும் சேந்து வருது. அப்போ இந்த டேபிள்ல நாய் தனி கான்செப்ட் இல்ல, இந்த மூணும் "பால் குடுக்கும்"ங்கிற குணமும் சேந்த ஜோடிதான் கான்செப்ட். அந்த மூணுல இருந்து கிளம்பினா பால், பால்ல இருந்து கிளம்பினா அதே மூணு, எந்தப் பக்கம் போனாலும் கிளம்பின இடத்துக்கே வரணும், அவ்வளவுதான் ரூல். எனக்கு இந்த ரூல் மேல அவ்வளவு பிரியம்.

இப்படி எல்லா கூட்டத்தையும் செக் பண்ணா மொத்தம் 7 கான்செப்ட் வரும், எல்லா மிருகமும் இருக்குறதும், எதுவுமே இல்லாததும் அதுல சேத்தி. பெரிய கூட்டத்தை மேல, சின்னதை கீழ வச்சு கோடு போட்டா அதுதான் லேட்டிஸ். வவ்வால் "பறக்கும்", "பால் குடுக்கும்" ரெண்டுக்கும் கீழ தொங்கும், சாதாரண மரம் மாதிரி படத்துல அத ஒரு கிளையிலதான் வைக்க முடியும்.

ஒரு விஷயத்துல ஜாக்கிரதை. இந்த டேபிள்படி முட்டை போடுறது எல்லாம் பறக்கும், அத அப்படியே நம்பிடாதீங்க, டேபிள்ல இருக்குறது மட்டும்தான் அதுக்கு உலகம். நெருப்புக்கோழியை ஒரு வரி சேருங்க, முட்டைக்கு மட்டும் குறி, அந்த விதி உடைஞ்சு கான்செப்ட் 8 ஆயிடும். தண்ணில வாழுறது எல்லாம் பால் குடுக்கும்னும் அதே டேபிள் சொல்லுது பாருங்க, அதுக்கு மீனை உள்ள கொண்டு வாங்க.