வெல்டிங் மெஷினுக்குத் தனி பவர் பாயிண்ட்: கார் ஷெட்டில் வயரிங் செய்யும் முறை

சாதாரண பிளக் பாயிண்டில் வெல்டிங் மெஷினைச் செருகுவார்கள். எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி டிரிப் ஆகும். உடனே பெரிய எம்.சி.பி.யாக மாற்றிவிடுவார்கள். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். எம்.சி.பி. காப்பாற்றுவது மெஷினை அல்ல, வயரை. வயர் மெலிசாகவே இருந்தால், சுவருக்குள் அது உருகினாலும் பெரிய எம்.சி.பி. விழாது.

முதல் வேலை, மெஷினில் ஒட்டியிருக்கும் நேம் பிளேட்டைப் படிப்பது. உதாரணத்துக்கு 230 வோல்ட், சிங்கிள் ஃபேஸ், அதிகபட்ச இன்புட் கரண்ட் 28 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு 32 ஆம்பியர் டபுள் போல் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும்) எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்), 6 ஸ்கொயர் (சதுர மி.மீ.) காப்பர் வயர், 32 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போதும். தூரம் அதிகமென்றால் வயரை ஒரு சைஸ் கூட்டுங்கள். இந்த லைனில் லைட், ஃபேன் எதையும் சேர்க்க வேண்டாம்.

அடுத்து, மெயினை அணைத்துப் பூட்டுங்கள். மல்டிமீட்டர் வேலை செய்கிறதா என்று கரண்ட் உள்ள இடத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு வேலை செய்யும் இடத்தைச் சோதியுங்கள். மெயின் ஆஃப் என்றாலும் அதற்கு உள்ளே வரும் வயரில் கரண்ட் இருக்கும். அதனால் டி.பி. பாக்ஸ் (எம்.சி.பி.க்கள் இருக்கும் பெட்டி) இணைப்பை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள்.

பைப் அடித்து ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் இழுங்கள். சாக்கெட் தீப்பொறி படாத இடத்தில் இருக்கட்டும்.

இனி, நிதானம் வேண்டிய இடம்: டெர்மினல். 6 ஸ்கொயர் ஃப்ளெக்ஸிபிள் வயரில் 80-க்கும் மேல் நுண்கம்பிகள் இருக்கும். துளைக்குள் போகவில்லை என்று பத்துக் கம்பியை வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. கூடவே கூடாது. முனைக்கு லக் (உலோக முனை) போட்டு, கிரிம்ப் செய்து (கருவியால் அழுத்திப் பிடிக்கவைத்து), ஸ்க்ரூவை முறுக்கி, வயரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். லூஸ் இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தாலே, 25 ஆம்பியர் ஓடும்போது 62 வாட் சூடு அங்கே கிளம்பும். ஒரு குண்டு பல்பின் சூடு, ஒரு ஸ்க்ரூவின் தலையில்! சாக்கெட் பழுப்பேறிக் கருகுவது பெரும்பாலும் இதனால்தான்.

கரண்ட் கொடுக்கும் முன், சாக்கெட்டின் எர்த் பின்னிலிருந்து எர்த் பார் வரை கன்டினியூட்டி (இணைப்பு அறாமல் இருக்கிறதா என்று) பாருங்கள். ஃபேஸ், நியூட்ரல் வயர்களுக்கும் எர்த்துக்கும் இடையே 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். அப்போது மெஷின் பிளக்கில் இருக்கக் கூடாது. கரண்ட் வந்ததும் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும்.

பத்து நிமிடம் வெல்ட் செய்துவிட்டு, எம்.சி.பி.யை அணைத்து, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் மெயினை அணைத்துவிட்டு அந்த ஸ்க்ரூக்களை மறுபடி திறங்கள்.