சர்வரைப் புதுப்பித்ததும் நின்றுபோன கோப்பு அனுப்பல்

சர்வரின் இயங்குதளமான உபுண்டு 20.04-இலிருந்து 22.04-க்கு மாறிய அன்று இரவே, கணக்குக் கோப்புகளை அனுப்பும் பழைய ஜாவா நிரல் நின்றுவிட்டது. 'ஆத் ஃபெயில்' (அடையாளச் சரிபார்ப்பு தோல்வி) என்று மட்டும் சொன்னது. கடவுச்சொல்லுக்குப் பதில் சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவி, கோப்பு அனுமதி, ஃபயர்வால் எல்லாம் பார்த்தேன், எல்லாம் சரி. என் லேப்டாப்பிலிருந்து அதே சாவியால் உள்ளே போக முடிந்ததுதான் ரொம்பக் குழப்பியது.

காரணம், நுழைவு முயற்சிகளைப் பதிந்துவைக்கும் சர்வரின் ஆத் லாகில் இருந்தது. நிரல் அனுப்பிய 'எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ' (ssh-rsa) வகை ஏற்கப்படும் பட்டியலில் இல்லை என்று ஒரு வரி. சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச்சில், 2021 செப்டம்பரில் வந்த 8.8 முதல், ஷா-1 என்ற பழைய கணக்கீட்டு முறையைக் கொண்டு ஆர்எஸ்ஏ வகைச் சாவியால் போடும் டிஜிட்டல் கையொப்பம் இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கிறது; 22.04-இல் இருப்பது 8.9. சாவியில் குறை இல்லை, கையொப்பமிடும் முறைதான் பழசு. அதே ஆர்எஸ்ஏ சாவியால் புதிய ஷா-256 முறையிலும் கையொப்பம் போடலாம். என் லேப்டாப் அதைத்தான் செய்தது, நிரல் பயன்படுத்திய பழைய நூலகத்துக்கு (லைப்ரரி) அது தெரியவில்லை.

சர்வர் முழுக்கப் பழைய முறையைத் திறந்துவிட எனக்கு மனமில்லை, பாதுகாப்புக்காகத்தானே மாறினோம்! சர்வர் பக்கத்தில் ஓடும் எஸ்எஸ்எச்டி நிரலின் அமைப்புக் கோப்பின் கடைசியில் 'மேட்ச் யூசர்' (Match User) பகுதி சேர்த்து, ஜாவா நிரல் நுழையும் அந்த ஒரு பயனருக்கு மட்டும் பழைய முறையை அனுமதித்தேன். எஸ்எஸ்எச்டியை மறுதொடக்கம் செய்யுமுன் 'sshd -t' கட்டளையால் பிழை பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நீங்களே வெளியே மாட்டிக்கொள்வீர்கள். அப்புறம் அந்த வாரமே நூலகத்தைப் புதுசாக்கி, அந்தப் பகுதியை நீக்கிவிட்டேன்.