இதயச் சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் மறதியும் குழப்பமும்: வீட்டார் செய்ய வேண்டியவை

மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளிலிருந்து பைபாஸ் எனப்படும் இதயச் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்கோ கண்டிக்கோ ஒருவரை அழைத்துச் செல்லும் குடும்பங்கள், புறப்படுவதற்கு முன்னரே அவருடைய நினைவாற்றல் எப்படியிருக்கிறது என்பதைக் கொப்பியொன்றில் எழுதி வைக்க வேண்டும். சந்தையில் மீன் வாங்கி மிச்சக் காசைச் சரிபார்க்கிறாரா, சென்ற போகத்தில் வயலுக்கு எத்தனை மூடை உரம் போட்டார் என்பதைச் சொல்கிறாரா, மாத்திரைகளைத் தாமே எடுக்கிறாரா என்பன போன்ற சாதாரண விடயங்களே போதும். முந்திய நிலை தெரியாவிட்டால், பின்னர் வந்த மாற்றத்தை வைத்தியராலும் அளவிட முடியாது.

சத்திரசிகிச்சை முடிந்த முதல் சில நாட்களில் திடீர்க் குழப்பம் ஏற்படலாம். இரவில் எழுந்து குழாய்களைப் பிடுங்குபவரை எல்லோரும் கவனிப்பார்கள். பேசாமல், சாப்பிடாமல், கண்ணை மூடிக் கிடப்பவருக்கும் அதே குழப்பம் இருக்கக்கூடும் என்பதுதான் தவறவிடப்படுகிறது. சிங்களம் தெரியாத நோயாளி விடுதியில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாதது மொழியாலா, குழப்பத்தாலா என்பதைத் தமிழ் பேசும் உறவினரே பிரித்தறிய முடியும். ஆகவே அனுமதி பெற்று ஒருவர் அருகிலிருந்து, மூக்குக்கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் அணிவித்து, இன்று என்ன கிழமை, எந்த ஊரில் இருக்கிறார் என்று மெதுவாக நினைவூட்ட வேண்டும். திடீர் மாற்றம் தெரிந்தால் தாதியிடம் உடனே சொல்லுங்கள். தொற்று, ஒட்சிசன் குறைவு, மருந்து ஆகியன அதற்குக் காரணமாக இருக்கலாம்.

மெதுவாக வரும் மறதி வேறு. அழற்சி, மூளைக்குச் செல்லும் நுண்ணிய இரத்தக் கட்டிகள், குருதியோட்டம் குறைதல் ஆகியன இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. பைபாஸ் செய்தவர்களிடம் நடத்தி 2001இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், வீடு திரும்பும்போது 53 வீதமானோரிடமும், ஆறு மாதங்களில் 24 வீதமானோரிடமும் அறிதிறன் (நினைவு, கவனம், சிந்திக்கும் ஆற்றல்) குறைவு காணப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் அது 42 வீதமாக மீண்டும் உயர்ந்தது. ஆனால் சத்திரசிகிச்சை செய்யாத இதய நோயாளிகளுடன் ஒப்பிட்ட பிந்திய ஆய்வுகளில் நீண்டகால வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. எனவே பல ஆண்டுகள் கழித்து வரும் மறதிக்கு பைபாஸை மட்டும் குற்றஞ்சாட்டாமல், இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல் ஆகியவற்றைக் கட்டுப்படுத்துவதே பயன் தரும்.

வீட்டில் மாத்திரைகளை வேளை வாரியாகப் பிரித்து வைத்து, முதல் வாரங்களில் பணக் கணக்கையும் மோட்டார் சைக்கிளையும் பிறரிடம் ஒப்படைக்க வேண்டும். நித்திரை வரவில்லை என்று பார்மசியில் பிரிட்டோன் (Piriton) போன்ற ஒவ்வாமை மாத்திரையை வாங்கிக் கொடுக்கவே கூடாது. முதியோருக்கு அது குழப்பத்தைக் கூட்டும். வைத்தியர் அனுமதித்த அளவில் நடக்க விடுங்கள், பேரப்பிள்ளைகளோடு கதைக்க விடுங்கள். மறந்ததைச் சுட்டிக்காட்டிப் பலர் முன்னிலையில் சோதிப்பது அவரைப் பேச்சைவிட்டே ஒதுங்கச் செய்யும்.

முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் ஒன்று திடீரென வந்தாலும் பாரிசவாதம் என்றே எண்ணி, உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். மறதி மூன்று மாதங்களுக்குப் பிறகும் குறையாவிட்டால், அந்தக் கொப்பியோடு கிளினிக்குக்குச் சென்று, மனச்சோர்வு, தைராய்டு, விற்றமின் பி12 குறைபாடு ஆகியவற்றையும் பார்க்கும்படி கேளுங்கள். இவை சிகிச்சையால் சீராகக்கூடியவை.