வடக்குச் சன்னலில் வந்த வெயில்: என் அனுபவம்

மதுரைக்கு அருகே எங்கள் தோட்டத்து மனையில், மின்விசிறி மட்டுமே போதுமென்னும்படியான வீடொன்றை நானே திட்டமிட்டபோது, வடக்குப் படுக்கையறை மட்டும் ஜூன் மாத வெப்பக் கணக்கில் மீண்டும் மீண்டும் அதிக வெப்பம் காட்டியது. வரைபடத்தில் கூரைக்குத் தட்டோடும் வெள்ளைப் பூச்சும் சேர்த்தேன். சுவரை 9 அங்குலமாக்கினேன். நான்கு நாட்கள் போயும் அந்த அறை மாறவில்லை.

பிறகு மனையில் ஒரு கம்பை நட்டு நண்பகலில் பார்த்தபோது நிழல் தெற்கே விழுந்திருந்தது. நண்பகலில் வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்பது வட இந்தியாவுக்கான பாடம். ஏறத்தாழ 10 பாகை அட்சரேகையிலுள்ள மதுரையில், ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் இறுதி வரை நண்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது. நண்பகல் வெயில் ஏறக்குறைய செங்குத்தானது என்பதால் 1 அடி சன்ஷேடே அதைத் தடுத்துவிடும். உண்மையான சிக்கல் மாலை 4 மணி வெயில்தான்: அது மேற்கிலிருந்து சுமார் 20 பாகை வடக்கே சாய்ந்து, சன்ஷேடுக்கு அடியில் பக்கவாட்டாக நுழைகிறது.

4 அடி அகலச் சன்னலின் மேற்கு ஓரத்தில் ஒன்றரை அடி வெளியே நீளும் செங்குத்துச் சுவரை வரைந்ததும் கணக்கு சரியானது. வெட்டுவதாக இருந்த வடமேற்கு மாமரத்தையும், நிம்மதியுடன், வரைபடத்தில் நிலைநிறுத்திவிட்டேன்.