லிம்போமா என்று ரிப்போர்ட் வந்த முதல் வாரங்களில் செய்யக்கூடாதவை

'லிம்போமா', அதாவது நிணநீர்ப் புற்றுநோய், என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு தேடுவதும் விசாரிப்பதும் பயப்படுவதும்தான் முதல் தவறு; மற்ற தவறுகளில் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. இதில் 60க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஹாட்ஜ்கின் வகை பெரும்பாலானோருக்குக் குணமாகிவிடும். டிஎல்பிசிஎல் (டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் லிம்போமா) என்ற வகை வேகமாக வளரும். சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது, ஆனால் பாதிக்கும் மேற்பட்டோர் முழுமையாகக் குணமாகிறார்கள். ஃபாலிகுலர் வகை பலருக்கு மெல்ல நகரும்; தொந்தரவு இல்லாதவரை மருந்து தொடங்காமல், சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதித்துக் கவனித்து வருவதும் முறையான சிகிச்சையே. 'எதிர் வீட்டுக்காரருக்கு உடனே கீமோ போட்டார்களே' என்று இந்த வகையில் மருத்துவரை அவசரப்படுத்துவதில் பயனில்லை.

ஆகவே பயாப்ஸி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட்டில் உள்ள முழுப் பெயரை எழுத்து மாறாமல் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அருகிலேயே சிடி20, சிடி30 போன்ற ஐஎச்சி முடிவுகளும் (திசுவுக்குச் சாயமேற்றி, செல்லில் உள்ள அடையாளப் புரதங்களைப் பார்க்கும் சோதனை) இருக்கட்டும். எந்த மருந்து என்பதை முடிவு செய்வதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஊசி குத்தி எடுக்கும் எஃப்என்ஏசி பரிசோதனையோடு நின்றுவிடுவது அடுத்த தவறு. அதில் செல்கள் மட்டுமே வரும், நெறியின் (வீங்கிய நிணநீர்க் கணுவின்) உள்ளமைப்பு தெரியாது. முடிந்தவரை ஒரு நெறியை முழுதாக எடுத்துப் பார்ப்பதே நல்லது. கழுத்தில் நெறி கட்டி, மாலையில் காய்ச்சல், எடைக் குறைவு என்று வந்தால் நம் ஊரில் முதலில் டிபி என்றே நினைப்பார்கள். அது நியாயமான சந்தேகம்தான். ஆனால் திசுப் பரிசோதனையில் உறுதிசெய்யாமல் மாதக்கணக்கில் டிபி மாத்திரை விழுங்கியதால் நோய் முற்றியவர்கள் உண்டு. பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டு எடுப்பதும் ஆபத்து: கட்டி தற்காலிகமாகச் சுருங்கி, நோயின் அடையாளமே மறைந்துபோகலாம். இரண்டாவது கருத்து கேட்கப் போகும்போது ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. ஆய்வகத்தில் இருக்கும் பாரஃபின் பிளாக்கையும் (மெழுகில் பதித்த திசுத் துண்டு) ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.

'நான்காம் ஸ்டேஜ்' என்றதும் குடும்பமே இடிந்துபோகிறது. நுரையீரல், குடல் புற்றுநோய்களில் அந்தச் சொல்லுக்குள்ள கனம் இங்கே அப்படியே பொருந்தாது. நிணநீர் உடல் முழுதும் ஓடுவதால் இந்த நோய் பரவியிருப்பது சாதாரணம். நான்காம் ஸ்டேஜிலும் ஹாட்ஜ்கின், டிஎல்பிசிஎல் வகைகளில் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் சிகிச்சை தருகிறார்கள்.

கீமோவுக்கு முன் விட்டுப்போகக் கூடாதவை மூன்று. சிடி20 உள்ள செல்களைத் தாக்கும் ரிடுக்சிமாப் மருந்து போடுவதாக இருந்தால் ஹெபடைடிஸ் பி ரத்தப் பரிசோதனை கட்டாயம். உறங்கிக் கிடக்கும் வைரஸை அந்த மருந்து எழுப்பிவிடக்கூடும். டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடும், அதனால் எக்கோ என்ற இதய ஸ்கேன். பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள், கூச்சத்தை விட்டு, விந்தணுவையோ கருமுட்டையையோ சேமிப்பதைப் பற்றி முதல் ஊசிக்கு முன்பே கேட்டாக வேண்டும். விந்தணுச் சேமிப்பு ஓரிரு நாள் வேலை. கருமுட்டைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும்.

சிகிச்சை தொடங்கியபின் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலைவரை காத்திருக்காதீர்கள். ஆர்-சாப் (ரிடுக்சிமாபும் கீமோ மருந்துகளும் சேர்ந்த கூட்டுச் சிகிச்சை) போன்ற 21 நாள் சுற்றுகளில் 7 முதல் 14ஆம் நாள் வரை வெள்ளணுக்கள் மிகக் குறைவாக இருக்கும். அப்போது சாதாரணத் தொற்றுகூட சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகலாம். நடு இரவானாலும் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

இனி, துணை தேடுவது. இதே நோயைக் கடந்தவரோடு அரை மணி நேரம் பேசுவது தரும் தெம்பை எந்தக் கையேடும் தராது. ஆனால் யாரிடம் பேசுகிறோம் என்பது முக்கியம். அதே வகை, அதே மருந்து, ஏறக்குறைய அதே வயது, கடந்த சில ஆண்டுகளுக்குள் சிகிச்சை முடித்தவர்: இந்த நான்கும் பொருந்தும் ஒருவரை அறிமுகப்படுத்த முடியுமா என்று டே கேர் வார்டு நர்ஸிடமோ மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமோ கேளுங்கள். அவர்கள் அந்த நபரின் சம்மதம் கேட்டுச் சொல்வார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் சேரும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: குணமானவர்களில் பலர் வேலை, வீடு என்று திரும்பிப் போய்விடுகிறார்கள், நோய் திரும்பி வந்தவர்களே அங்கே அதிகம் பேசுகிறார்கள். அதைப் பார்த்து உங்கள் கணக்கைப் போடாதீர்கள்.

நோயைக் கடந்தவர்களிடம் கேட்க வேண்டியது அன்றாட விஷயங்களை: வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்து போட்டபின் மலச்சிக்கலை எப்படிச் சமாளித்தார்கள், விரல் மரத்தபோது சட்டைப் பொத்தானை எப்படிப் போட்டார்கள், எந்த நாளில் வாய் கசந்தது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அனுமதிக்கு என்னென்ன காகிதம் கொண்டுபோனார்கள். மருந்தின் அளவு, நிறுத்துவது, மாற்றுவது எல்லாம் மருத்துவருக்கான கேள்விகள். கீமோவை விட்டுவிட்டுப் பொடியோ லேகியமோ வாங்கச் சொல்பவரின் எண்ணை உடனே நீக்கிவிடுங்கள். ரிப்போர்ட்டைப் பகிர்ந்தால் பெயரையும் மருத்துவமனை எண்ணையும் மறைத்துவிடுங்கள்.

கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் மனைவிக்கோ மகனுக்கோ தனியாக ஒரு துணை வேண்டும். நோயாளியிடம் சொல்ல முடியாத பயம் அவர்களுக்கும் இருக்கிறது. அதை இறக்கிவைக்க, அதே இடத்தில் நின்ற இன்னொரு குடும்பத்தாரின் எண்ணையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.