ரேடியேஷன்ல சாகாத ஸ்டெம் செல்லை லேப்ல பிடிக்கிறது எப்படி

கிளியோபிளாஸ்டோமா மூளைக்கட்டிக்கு 60 கிரே (ரேடியேஷனை அளக்குற அலகு) ரேடியேஷனை 30 தடவையா பிரிச்சு குடுத்தாலும் பெரும்பாலும் திரும்ப வந்துடும், அதுவும் அதே இடத்துலயே. ஏன்னு 2006ல நேச்சர்ல ஒரு பேப்பர் வந்துச்சு, சிடி133ங்கற அடையாளப் புரதம் (மார்க்கர்) மேல இருக்குற, கட்டியை வளர்க்குற ஸ்டெம் செல்லுங்க டிஎன்ஏ உடைஞ்சதும் செக்பாயிண்ட்டை (செல் பிரியறதை நிறுத்தி வைக்கிற பிரேக்) சட்டுனு ஆன் பண்ணி ரிப்பேர் பண்ணிக்குது, மத்ததுங்க சாகச் சாக இதுங்க பங்கு கூடிக்கிட்டே போகுதுன்னு. செக்பாயிண்ட்டை மருந்தால அடைச்சா ரேடியேஷனுக்கு மறுபடி மசியுது.

உங்க செல்லும் இப்படித்தானான்னு பாக்கணும்னா மூணாம் நாள் எம்டிடி (உயிரோட இருக்குற செல் கலர் காட்டுற டெஸ்ட்) போட்டு ஏமாறாதீங்க. அடிபட்ட செல் ஒண்ணு ரெண்டு தடவை பிரிஞ்சிட்டுக்கூட சாகும், அதுவரைக்கும் எம்டிடில கலர் காட்டிக்கிட்டுதான் இருக்கும். நமக்குத் தேவை அது வம்சம் வளர்க்குமாங்கறது, அதுக்கு காலனி அஸ்ஸே (ஒத்தை செல் பெருகி கூட்டம் போடுதான்னு பாக்குற டெஸ்ட்) தான், பக், மார்க்கஸ்ங்கற விஞ்ஞானிங்க 1956ல எக்ஸ்ரேக்கு செஞ்சு காட்டின அதே டெக்னிக்.

முதல்ல செல்லை தனித்தனியா பிரிக்கணும், இங்கதான் பாதி பேர் கோட்டை விடுறது. ரெண்டு செல் ஒட்டிக்கிட்டு இருந்தா ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு காலனி போட்டுடும், ரெசிஸ்டன்ஸ் இல்லாமலே இருக்குற மாதிரி தெரியும். மார்பக செல்லுல சிடி44ங்கற மார்க்கரைப் பாக்குறவங்க செல்லைப் பிரிக்க டிரிப்சின் என்சைம் போடாதீங்க, அது மார்க்கரையே வெட்டிடும், அதுக்குப் பதிலா அக்குடேஸ்ங்கற என்சைம் கலவை பரவால்ல.

சிடி133 உள்ளது, இல்லாததுன்னு சார்ட் பண்ணி, எண்ணி, பிளேட்ல போட்டு, ரேடியேஷன் குடுத்துட்டு 10-14 நாள் தொடாம விடுங்க. நான் ஆர்வக்கோளாறுல தினமும் தூக்கித் தூக்கிப் பாத்தேன், செல் கழண்டு பக்கத்துல ஒட்டி குட்டி காலனி போட்டு கணக்கே நாறிப்போச்சு. அப்புறம் கிறிஸ்டல் வயலட் சாயம் போட்டு எண்ணுங்க, 50 செல்லுக்கு மேல இருந்தாதான் காலனி.

கணக்கு சிம்பிள். ரேடியேஷன் இல்லாம 200 செல் போட்டு 80 காலனி வந்தா 40 சதவீதம். 2 கிரே குடுத்த பிளேட்ல 400 போட்டு 96 வந்தா, 400ல 40 சதவீதம் 160, 96ஐ அதால வகுத்தா 0.6, அதாவது 60 சதவீதம் பிழைச்சிருக்கு. இந்த 40ஐ சிடி133 உள்ளதுக்கு தனியா இல்லாததுக்கு தனியா எடுக்கணும், ஒண்ணையே ரெண்டுக்கும் போட்டா முடிஞ்சுது கதை.

உருண்டையா மிதந்து வளர்ற கிளியோமா செல்லுக்கு இது சரிப்படாது, 96 குழி பிளேட்ல குழிக்குப் போடுற செல் எண்ணிக்கையை குறைச்சுக்கிட்டே போய் எத்தனை குழில உருண்டை வரலைன்னு பாருங்க.

சிடி133 இல்லாத டியூபை மட்டும் கொட்டிடாதீங்க, அதுலயும் எலில கட்டி போடுற செல் இருக்குன்னு பின்னாடி பல பேர் காட்டிட்டாங்க.